வீட்டில் கிளட்ச் வேலை பார்த்த பிறகு வண்டி மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர்த் தெருக்களில் அதிகம் ஓடும் 100 முதல் 160 சிசி வரையிலான கியர் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர், அப்பாச்சி போன்ற வண்டிகளில் கிளட்ச் பிளேட்டோ கேபிளோ வீட்டிலேயே மாற்றிவிட்டு, அப்புறம் வண்டி இழுக்காமல், செல்ஃப் எடுக்காமல், லைட் எரியாமல் தவிப்பவர்களுக்கானது. அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டையே நம்புங்கள்.

கிளட்சைத்தான் தொட்டேன். கரண்ட் ஏன் போனது?

கிளட்ச் வேலை நடக்கிற வழியில் ஒயர்கள் மூன்று இடத்தில் குறுக்கிடுகின்றன. முதலாவது, ஹேண்டில்பாரில் கிளட்ச் லிவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச். செல்ஃப் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இது உண்டு. கேபிளை மாற்ற லிவரைக் கழற்றினாலே இதன்மேல் கை படும். இரண்டாவது, இன்ஜினின் இடது பக்கத்திலிருந்து வரும் ஒயர்கள்: மேக்னட் காயில் (பேட்டரி சார்ஜ் ஆகக் கரண்ட் தருவது), பிக்கப் காயில் (ஸ்பார்க் எப்போது என்று சிக்னல் தருவது), நியூட்ரல் சுவிட்ச். கிளட்ச் லிவர் இடது கையில் இருப்பதால் கிளட்சும் இடது பக்கம்தான் என்று நினைத்து மேக்னட் கவரைத் திறந்து பார்த்துவிட்டு மூடியவர்கள் நிறையப் பேர். (பழைய புல்லட்டில் உண்மையிலேயே இடது பக்கம்தான். மேலே சொன்ன வண்டிகளில் வலது பக்கம்.) மூன்றாவது, பேட்டரி. வேலைக்கு முன்னால் கழற்றி, முடிந்ததும் திரும்ப மாட்டியிருப்பீர்கள்.

நேற்று வரை ஓடிய வண்டி இன்று கை வைத்ததும் நின்றது என்றால், கோளாறு கை பட்ட இடத்தில்தான் இருக்கும். சிடிஐயும் (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஆர்ஆர் யூனிட்டும் (பேட்டரிக்குப் போகும் சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) சரியாக அதே நாளில் தாமாகவே செத்துப்போக வாய்ப்பு மிகவும் குறைவு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையின் உதிரிபாகச் சந்தைகளான புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேவையில்லாத பார்ட்டுகளை வாங்கி மாட்டி, பணம் கரைந்த பிறகு, கவருக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஒரு ஒயரைக் கண்டுபிடிக்கிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

சரி, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

கடைசியாகச் செய்ததிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒரு தாளை எடுத்து, என்னென்ன கழற்றினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ‘சும்மா கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்’ என்கிற கப்ளரையும் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) சேர்த்து எழுதுங்கள். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் கண்ணாலும் கையாலும் பாருங்கள். கப்ளர் ‘கிளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா? உள்ளே இருக்கும் பின் பின்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா? ஒயர் எங்காவது போல்ட்டுக்கு அடியிலோ டேங்குக்கு அடியிலோ மாட்டிக்கொண்டிருக்கிறதா? பார்ட் வாங்குகிற யோசனையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

புது கிளட்ச் பிளேட் போட்டேன். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி போகவில்லை. ஏன்?

கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. உறுதிசெய்ய எளிய வழி: வண்டியை டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சட்டென்று ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் ஸ்லிப்தான். மேட்டில் ஏறும்போது இன்னும் நன்றாகத் தெரியும். கூடவே கருகின வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்படியே ஓட்டினால் புது ஃபைபர் பிளேட் வழுவழுப்பாகிவிடும், ஸ்டீல் பிளேட் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது கேபிள். லிவரில் கொஞ்சமும் தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால், நீங்கள் லிவரை விட்ட பிறகும் உள்ளே கிளட்ச் பாதி அழுத்தப்பட்டபடியே இருக்கும். புது பிளேட் பழையதைவிடத் தடிமனாக இருப்பதால் பழைய அட்ஜஸ்ட்மென்ட் பொருந்தாது. பாதிப் பேருக்கு இதைச் சரிசெய்தாலே முடிந்துவிடுகிறது.

கேபிள் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால் இரண்டாவது சந்தேகம் ஆயில். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

மூன்றாவது, உள்ளே மாட்டிய விதம். ஃபைபர் பிளேட், ஸ்டீல் பிளேட் என்று மாறி மாறி வர வேண்டும். முதலிலும் கடைசியிலும் ஃபைபர். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. ஹீரோ, ஹோண்டா சின்ன வண்டிகளில் பிரஷர் பிளேட் (மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் தட்டு) உள்பக்கம் இருக்கும். அதன் பற்கள் நடு ஹப்பின் பள்ளங்களில் சரியாக இறங்கி உட்கார வேண்டும். ஒரு பல் பிசகி மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால் ஸ்பிரிங்குகளின் அழுத்தமெல்லாம் அந்த மேட்டின்மேல் விழும், பிளேட்டுகள் தொளதொளவென்று கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஸ்பிரிங் போல்ட்டை முறுக்கிய பிறகு, கவரை மூடுவதற்கு முன், பிளேட் அடுக்கை விரலால் அசைத்துப் பாருங்கள். இறுகிப் பிடித்திருக்க வேண்டிய அடுக்கு ஆடினால் கழற்றி மீண்டும் அடுக்குங்கள்.

ஸ்பிரிங்குகளையும் விட்டுவிடாதீர்கள். நாலு ஸ்பிரிங்கில் ஒன்று குட்டையாகிவிட்டால் நாலையும் மாற்றுவதுதான் முறை.

கார் ஆயில் ஊற்றினால் என்ன ஆகும்? அதுவும் ஆயில்தானே?

இந்த வண்டிகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. இப்போது வரும் கார் ஆயில்கள் பலவற்றில், பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்திருக்கிறார்கள். காரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பைக் கிளட்ச் வேலை செய்வதே உராய்வை நம்பித்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஜப்பானில் 1998-ல் ஜாசோ டி903 என்ற தர அளவு வந்தது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் கியர் பைக்குக்குப் போடலாம். எம்பி என்று இருந்தால் அது ஆயிலில் நனையாத கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கு. வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்து, ஒரே டப்பாவை இரண்டுக்கும் ஊற்றியிருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

தவறான ஆயிலை ஊற்றிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். இன்ஜினைச் சூடாக்கி ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, சரியான ஆயிலை ஊற்றி ஓட்டுங்கள். ஸ்லிப் ஆனபடியே ரொம்ப தூரம் ஓட்டாமல் இருந்தால், பல சமயம் ஒன்றிரண்டு ஆயில் மாற்றத்திலேயே கிளட்ச் பழையபடி பிடிக்க ஆரம்பித்துவிடும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் ஃபைபர் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். ஆயிலின் தடிமனும் வண்டிக்கு ஏற்றதாக இருக்கட்டும். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் காலை நேரத்தில் கியர் விழக் கஷ்டப்படும்.

இதற்கு நேர் எதிர்: கிளட்ச் பிடித்தாலும் வண்டி முன்னால் நகர்கிறது, நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது.

கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளில் தொய்வு அதிகம் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டியது: புது ஃபைபர் பிளேட்டை ஆயிலில் ஊறவைத்தீர்களா? கவரிலிருந்து எடுத்து உலர்ந்தபடியே மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே பிளேட்டுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், சூடேறி ஸ்டீல் பிளேட் வளையவும் செய்யும். வண்டிக்கு ஊற்றப்போகும் அதே ஆயிலில் முந்தின நாள் இரவே போட்டுவைப்பது நல்லது. அவசரம் என்றால் சில மணி நேரமாவது ஊற வேண்டும்.

ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டு போதும். கண்ணாடிமேல் படுக்க வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தப் பிளேட் பல மாடல்களில் கழிக்க வேண்டியது. பிளேட்டுகளைச் சுற்றியிருக்கும் கிண்ணமான கிளட்ச் அவுட்டரின் விரல்களையும் பாருங்கள். பழைய பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். புது பிளேட் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். மெல்லிய பள்ளமாக இருந்தால் நுண்ணரத்தால் தேய்த்துச் சமன்செய்வார்கள். ஆழமாக இருந்தால் அவுட்டரையே மாற்றுவதுதான் நிம்மதி.

மழைக்காலத்தில் பல வாரம் நிறுத்திவைத்த வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு இதே தொல்லை வரும். அது ரிப்பேரே இல்லை. இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, லிவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் விட்டுவிடும்.

லிவர் தொளதொளவென்று இருக்கிறது. பிடித்தாலும் விட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை.

கவரை மூடும்போது உள்ளே இருக்கும் புஷ் ராடோ, லிஃப்டர் துண்டோ, அதன் சின்ன பேரிங்கோ இடம் மாறியிருக்கிறது. அல்லது கீழே விழுந்து டிரேயில் கிடக்கிறது. டிரேயைப் பாருங்கள். கவரில் உள்ள ரிலீஸ் ஆர்ம் சரியான கோணத்தில் இருந்தால்தான் லிஃப்டரைக் கவ்வும். கவரை வைக்கும்போது அந்த ஆர்மைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் எதிலோ முட்டிக் கனமாக இருப்பதை விரல் உணரும். அதன் பிறகுதான் போல்ட் போட வேண்டும்.

கேபிள் தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும்? ஒருவர் 2 மில்லிமீட்டர் என்கிறார், இன்னொருவர் 15 என்கிறார்.

இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அளக்கும் இடம்தான் வேறு. லிவரின் நுனியில் அளந்தால் பல வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். லிவரின் அடியில், பிராக்கெட்டுக்கும் லிவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தால் 2 முதல் 3 மில்லிமீட்டர். நுனிக்கான எண்ணை அடியில் வைத்தால் கிளட்ச் விடுபடாது. அடிக்கான எண்ணை நுனியில் வைத்தால் ஸ்லிப் ஆகும்.

புது கேபிள் போட்டால் லிவர் பக்க அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிட்டு, இன்ஜின் பக்க நட்டுகளில் முக்கால்வாசி அளவைக் கொண்டுவாருங்கள். மிச்சத்தை லிவர் பக்கம் முடியுங்கள். முடித்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது தொய்வு காணாமல் போனால் கேபிள் போகும் பாதை தவறு. ஃபோர்க்குக்கு முன்னால் போக வேண்டியது பின்னால் போயிருக்கும். அட்ஜஸ்டரில் கேபிள் நுழைகிற வெட்டும் லிவரில் உள்ள வெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க விடாதீர்கள். நின்றால் ஏதோ ஒரு சிக்னலில் கேபிள் நழுவி வெளியே வந்துவிடும்.

கவரை மூடின பிறகு ஆயில் கசிகிறது.

பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டீர்களா? அல்லது பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒட்டியிருக்கும்போதே புதியதை வைத்தீர்களா? இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும். துணுக்கைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கோடு விழும். பிளாஸ்டிக் தகடு அல்லது பழைய ஏடிஎம் கார்டு போதும்.

கவரில் உள்ள போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டையான துளையில் நீளமான போல்ட் போனால் அடியில் முட்டி நிற்கும். இறுகிவிட்டது என்று கை நம்பும், கவர் அங்கே அழுந்தியிருக்காது. இன்னும் முறுக்கினால் கிராங்க்கேஸ் விரிசல் விடும். அட்டைத் துண்டில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைப்பதைப் போல நல்ல வழி வேறு இல்லை. இப்போது அட்டை இல்லை என்றால், போல்ட்டுகளை முறுக்காமல் துளைகளில் செருகிப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் வரிசை சரி.

போல்ட்டை முறுக்கும்போது ‘சரக்’ என்று சுற்றிவிட்டது.

மரை போய்விட்டது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சின்ன ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் இழுக்கும் அளவு. உடம்பைச் சாய்த்து முறுக்கினால் அலுமினியம் தாங்காது. எம்-சீல், டெஃப்லான் டேப் என்று எதையாவது வைத்து ஒப்பேற்ற வேண்டாம். லேத் பட்டறையில் ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள், அது முதலில் இருந்த மரையைவிட உறுதியாகவே நிற்கும். கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் இந்த நிலைமை பெரும்பாலும் வராது.

கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை.

லிவரைக் கழற்றி மாட்டிய பிறகு இது நடந்தால் நேராகக் கிளட்ச் சுவிட்சுக்குப் போங்கள். பெரும்பாலான வண்டிகளில் விதி இதுதான்: நியூட்ரலில் இருந்தால் செல்ஃப் எடுக்கும், கியரில் இருந்தால் கிளட்ச் பிடித்தால்தான் எடுக்கும். சில மாடல்களில் நியூட்ரலிலும் கிளட்ச் பிடிக்க வேண்டும். ஆகவே முதல் சோதனை, நியூட்ரல் லைட் எரியும்போது செல்ஃப் அழுத்துவது. நியூட்ரலில் எடுத்து, கியரில் கிளட்ச் பிடித்தும் எடுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளட்ச் சுவிட்ச்தான்.

லிவரின் அடியில் குனிந்து பாருங்கள். சுண்டு விரல் நகத்தின் அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று இருக்கும். லிவரைப் பிடித்தால் அது வெளியே வர வேண்டும், விட்டால் உள்ளே போக வேண்டும். லிவரைச் சாய்வாக உள்ளே தள்ளி மாட்டும்போது இந்தப் பொத்தான் உடைவது மிகச் சாதாரணம். பொத்தான் முழுசாக இருந்தால் அதன் பின்னால் உள்ள இரண்டு ஒயர்களையும் பாருங்கள், ஒன்று கழன்று ரப்பர் உறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ‘பீப்’ அடிக்கும் நிலை) வைத்து இரண்டு முனையிலும் தொட்டு, லிவரைப் பிடித்துப் பிடித்து விட்டால் ‘பீப்’ வந்து வந்து போக வேண்டும். வரவே இல்லையென்றாலும் சரி, நிற்கவே இல்லையென்றாலும் சரி, சுவிட்சை மாற்றுங்கள். விலை குறைந்த பார்ட்தான்.

இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டால் செல்ஃப் எடுக்கும். பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அடுத்த கேள்வியைப் படித்தால் ஏன் கூடாது என்பது புரியும்.

நியூட்ரல் லைட் எந்தக் கியரிலும் அணையாமல் எரிகிறது. ஓட்டலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றிலேயே ஆபத்தானது இதுதான்.

நியூட்ரல் சுவிட்ச் செய்வது ஒரே வேலை: நியூட்ரலில் இருக்கும்போது தன் ஒற்றை ஒயரை இன்ஜின் உடம்போடு சேர்த்து எர்த் கொடுப்பது. இடது கவரை மூடும்போது அந்த ஒயர் விளிம்பில் நசுங்கி, உறை கிழிந்து, செம்பு அலுமினியத்தைத் தொட்டுவிட்டால் அதுவும் எர்த்தான். வண்டி நான்காவது கியரில் இருந்தாலும் ஒயரிங் அதை நியூட்ரல் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது கிளட்ச் பிடிக்காமலே செல்ஃப் வேலை செய்யும். வீட்டு வாசலில் கியரில் நிற்கும் வண்டியில் ஒரு குழந்தை ஏறி பட்டனை அழுத்தினால் வண்டி பாயும். கிளட்ச் சுவிட்சை நேரடியாக முறுக்கி இணைத்தாலும் இதே கதிதான்.

கவரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒயர் வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் (கிராமட்) தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கின இடம் பளபளவென்று தட்டையாகத் தெரியும். அங்கே வெட்டி, சேர்த்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, ஒயரை அதற்கென்று உள்ள கிளிப்பில் மாட்டிவிட்டு மூடுங்கள்.

அதே கவருக்குள் பிக்கப் காயில் ஒயர் நசுங்கினால் ஸ்பார்க் வராது. மேக்னட் காயில் ஒயர் நசுங்கினால் வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது.

பேட்டரியை மாற்றி மாட்டிவிட்டேன். பிளஸ் இடத்தில் மைனஸ்.

உடனே கழற்றியிருப்பீர்கள். நல்லது. சாவி போடாமல் இருந்தாலும் பேட்டரியோடு நேராக இணைந்திருக்கும் ஒரு பார்ட் உண்டு, அது ஆர்ஆர் யூனிட். அதற்குள் உள்ள டயோடுகள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும். பேட்டரி தலைகீழானால் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்துவிடும், கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். நல்ல ஃபியூஸ் இருந்தால் அது முதலில் எரிந்து மற்றதைக் காப்பாற்றும்.

எனவே ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். பேட்டரி உப்பவில்லை, சூடாகவில்லை என்று பார்த்துவிட்டு, சரியாக மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரி முனைகளில் வோல்டேஜ் அளவெடுங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 12.5-லேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட்டின் கட்டுப்பாடு போய்விட்டது; பேட்டரி கொதித்துவிடும், பல்புகள் போய்க்கொண்டே இருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி என்றால், சாவி போட்டதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து பிறகு அணைகிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போதும் அணையவில்லை, அல்லது சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) சம்பந்தப்பட்ட விஷயம், சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க முடியும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணம்: பிளஸ்ஸில் வேலை செய்யும் ஸ்பேனர் ஃப்ரேமில் பட்டாலும், மைனஸ் இணையாதவரை ஒன்றும் ஆகாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி ‘சார்ஜிங் சோதிப்பது’ என்ற பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, எலக்ட்ரானிக் பார்ட்டுகளைக் கொன்றுவிடும்.

ஃபியூஸ் போட்டால் போட்டவுடன் எரிகிறது.

ஃபியூஸ் பாக்கெட்டைத் தீர்க்காதீர்கள். பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, அதன் இரண்டு முனையிலும் ஒயர் வைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் இணையுங்கள். பல்பு கரண்டைக் கட்டுப்படுத்துவதால் ஷார்ட் இருந்தாலும் எதுவும் எரியாது, நிதானமாகத் தேடலாம்.

சாவி ஆஃப்பில் இருக்கும்போதே பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால், ஷார்ட் ஃபியூஸுக்கும் சாவி சுவிட்சுக்கும் நடுவில், அல்லது ஆர்ஆர் யூனிட்டில். ஆர்ஆர் கப்ளரைக் கழற்றியதும் அணைந்தால் குற்றவாளி அதுதான். சாவி போட்ட பிறகுதான் பிரகாசமாக எரிகிறது என்றால் ஹெட்லைட், ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் என்று கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு மங்குகிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு. மங்கலாக எரிவது சாதாரண லோடுதான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓடும் சில வினாடிகள் நன்றாகவே எரியும்.

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒயர் கட்டுகளை அங்கங்கே ஆட்டிப் பாருங்கள், ஹேண்டில்பாரையும் திருப்புங்கள். ஏதோ ஓர் இடத்தில் ஆட்டும்போது பல்பு துடித்தால் அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியோ சிகரெட் அட்டைப் பெட்டியின் வெள்ளித்தாளோ வைக்கலாமா? அல்லது 10-க்குப் பதில் 30 ஆம்பியர்?

வைக்கவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அது எரியாவிட்டால் ஒயர் எரியும், அந்த ஒயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிறது.

யூஎஸ்பி சார்ஜர் மாட்டினேன். கருப்பு ஒயர் எர்த்தானே? ஏன் ஷார்ட் ஆனது?

கடையில் வாங்கும் சார்ஜரில் கருப்பு எர்த். காரிலும் பெரும்பாலும் அப்படித்தான். யமஹாவிலும் கருப்பு எர்த். ஆனால் ஹோண்டா முறையில் ஒயரிங் உள்ள வண்டிகளில், ஸ்ப்ளெண்டர் உட்பட, பச்சைதான் எர்த். கருப்பு என்பது சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் ஒயர். சார்ஜரின் கருப்பை வண்டியின் கருப்போடு சேர்த்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தை நம்பி எந்த ஒயரையும் வெட்டாதீர்கள். மல்டிமீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, சந்தேகப்படும் ஒயரைச் சிவப்பு முனையால் தொட்டு, சாவியை ஆன் ஆஃப் செய்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, இன்ஜின் சுற்றவில்லை. கிளட்ச் மாற்றியதால் வந்ததா?

இல்லை. இங்கே பழுதானது ஸ்டார்ட்டர் கிளட்ச் என்ற வேறு பார்ட். மோட்டார் சுற்றும்போது கவ்வி, இன்ஜின் ஓடியதும் விட்டுவிடும் ஒருவழிக் கிளட்ச் அது. பல வண்டிகளில் மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும். மேக்னட்டைக் கழற்றப் புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டிக் கழற்ற முயன்றால் மேக்னட் உடையும். இடது கவரைத் திறந்து மூடியிருந்தால் மட்டும், மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் கிளட்சுக்கும் நடுவில் உள்ள சின்ன ஐட்லர் கியரை வைக்க மறந்தீர்களா என்று பாருங்கள்.

‘டிக் டிக்’ என்று ரிலே சத்தம் மட்டும் வந்தால் அது வேறு கதை. பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது முனை போல்ட் சரியாக இறுகவில்லை. செல்ஃப் அழுத்தும்போது பேட்டரி வோல்டேஜ் 10-க்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் எர்த் ஒயரைச் சந்தேகப்படுங்கள்: பேட்டரி மைனஸிலும் இன்ஜின் உடம்பிலும் மீட்டரை வைத்து, செல்ஃப் அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்து, எர்த் லக்கை அந்தப் பெயின்ட்டின் மேலேயே மாட்டியவர்களுக்கு இது வரும். போல்ட்டுக்கு அடியில் சுரண்டி, உலோகம் தெரியும்படி வைத்து முறுக்குங்கள்.

எல்ஈடி இண்டிகேட்டர் போட்டதிலிருந்து படபடவென்று வேகமாக அடிக்கிறது.

கோளாறு இல்லை. பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் கரண்டை வைத்து வேகத்தை முடிவுசெய்கிறது. எல்ஈடி மிகக் குறைவாக இழுப்பதால் ஒரு பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறது. எல்ஈடிக்கான ஃபிளாஷரை மாட்டினால் சரியாகிவிடும்.

ஒயரைச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா?

சென்னை வெயிலில் நிற்கும் வண்டியில், இன்ஜின் சூடும் சேர்ந்தால், அந்தப் பசை உருகி டேப் வழுக்கிக் கழன்றுவிடும். முனைகளைக் கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி), ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஹேண்டில்பாருக்கு அருகே வளைந்து வளைந்து நிமிரும் இடத்தில் சால்டர் வைத்தால், சால்டர் முடிகிற இடத்திலேயே ஒயர் முறிந்துவிடும். அசையாத இடங்களில் சால்டர் வைக்கலாம்.

எந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் போக வேண்டும்? போனால் என்ன சொல்வது?

கிளட்ச் நடு நட்டு கழலவில்லை, உளி வைத்துத் தட்டலாமா என்று யோசனை வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் போங்கள். அந்த நட்டுக்கான தனி சாக்கெட் அவர்களிடம் இருக்கும். உளி பட்டு விளிம்பு சிதைந்த நட்டை எடுப்பது அவர்களுக்கும் இரண்டு மடங்கு வேலை. மரை போன கிராங்க்கேஸ், ஸ்டார்ட்டர் கிளட்ச், இசியு விளக்கு இவையும் அப்படித்தான்.

போகும்போது ‘திடீரென்று நின்றுவிட்டது அண்ணா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கிளட்ச் கவரைத் திறந்தேன், இந்த ஆயில் ஊற்றினேன், லிவரைக் கழற்றினேன், பேட்டரியை ஒரு நிமிடம் மாற்றி மாட்டிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒளித்தால் அவரும் முதலிலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. கழற்றின பழைய பிளேட்டுகள், ஸ்பிரிங்குகள், எரிந்த ஃபியூஸ், மிச்சமாகிப் போன வாஷர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குறிப்பாக அந்த மிச்ச வாஷர்: அது எந்த மாடலில் எந்த இடத்தில் வரும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.